எருக்கும்பியில் இருந்து தொடங்குங்கள்

ஆவணி மாதத்தில் வெளிநாட்டுச் சொந்தங்களை வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தோட்டத்தைக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோடு ஏ9 வீதியால் இறங்கி, மாங்குளத்தில் திரும்பி, ஓர் "இயற்கைத் தோட்டத்தில்" பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, இளநீர் குடித்து, இரண்டு பை மரக்கறியோடு வெளிக்கிடுவார்கள். நானும் என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா குடும்பத்தை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். முத்தையன்கட்டுப் பக்கம், மூன்று தலைமுறை ஒரே வளவுக்குள் இருக்கிற ஒரு குடும்பம். இறங்கியவுடனே அக்கா கேட்டது, "ஐயா, எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இதுதானோ தோட்டம்?"

பெரியவருக்குச் சிரிப்பு. "பிள்ளை, நீங்கள் வந்த மாசம் அப்படி."

வன்னிக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மழையை நம்பித்தான் காலபோகம். சித்திரைக்குப் பிறகு வருகிற சிறுபோகம் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைப் பொறுத்தது, பல வருடங்களில் வயலின் ஒரு பங்குக்கு மட்டுமே தண்ணீர் விடுவார்கள். ஆவணி என்றால் காய்ந்த கச்சான் காற்று, வெடித்த வயல், குளத்து அலைகரையில் மாடு. தை மாதம் வந்தால் தார் வீதியைத் தவிர மற்றதெல்லாம் பச்சை, யாருடைய தோட்டமும் அழகாகத்தான் தெரியும். அதனால் ஒரு தோட்டம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆவணி நல்ல மாதம் என்றுதான் நான் சொல்வேன், படம் எடுக்கத்தான் சரிவராது.

பச்சையைப் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? எருக்கும்பியை. வீட்டுக்குப் பின்னால், பட்டிக்குப் பக்கத்தில், யாரும் காட்டாத மூலையில் இருக்கும். காட்டச் சொல்லுங்கள்.

ஏன் என்று சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நன்றாக மக்கிய மாட்டெருவில் நைதரசன் ஏறக்குறைய அரை வீதம்தான். அப்படியானால் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடுகட்ட நாலரைத் தொன்னுக்கு மேல் எரு வேண்டும். நாட்டு மாடு பகல் முழுக்க வெளியில் மேய்கிறது, பட்டிக்குள் விழுகிற இரவுச் சாணத்தைத்தான் சேர்க்க முடியும், அதை வருடத்துக்கு மாடொன்றுக்கு ஒரு தொன் அளவில் மதிக்கிறார்கள். ஆக ஒரு மூடை யூரியா என்பது நாலு மாட்டுக்கு மேல், ஒரு வருடச் சாணம். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒன்றரை, இரண்டு மூடை போடுவது இங்கே சாதாரணம். இந்தக் குடும்பத்திடம் 14 மாடு நிற்கிறது. அதைக் கொண்டு மூன்று ஏக்கர் வயலையும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியையும் வளர்க்க முடியாது, அவர்களும் வளர்க்கவில்லை. மேட்டுக்காணி இரண்டு ஏக்கரும் பூச்சிமருந்தும் யூரியாவும் படாதது. வயலில் அரை ஏக்கர் மட்டும் அப்படி, பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லினங்கள் மாறி மாறி. மீதி இரண்டரை ஏக்கருக்கு யூரியா போகிறது.

இதை மகன் ஒளிக்காமல் சொன்னார், அக்காவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கோ அந்த இடத்தில்தான் அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. வன்னியில் "முழுக்க இயற்கை" என்று சொல்கிறவர்களிடம் முதலில் மாட்டை எண்ணிப் பாருங்கள். மாடு இல்லாவிட்டால் குழை, அதாவது பசளையாக மண்ணில் புதைக்கிற இலைதழை, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அவர்கள் எரு விலைக்கு வாங்குகிறார்கள், அல்லது வேறு ஏதோ நடக்கிறது.

எருவுக்கு இன்னொரு குணம், அது ஒரே போகத்தில் தன் கையிருப்பு முழுவதையும் கொடுக்காது. முதல் வருடம் ஒரு பங்கு, அடுத்த வருடம் இன்னொரு பங்கு என்று மெதுவாக விடும். பத்து வருடம் தொடர்ந்து போட்ட நிலத்தில் பழைய எருக்களின் மிச்சமெல்லாம் சேர்ந்து வேலை செய்யும், முதல் வருடம் போட்டவன் பயிர் மஞ்சளித்து நிற்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாதம் யூரியாக் கடைக்கு ஓடுவான். வன்னி வெயிலில் மண்ணிலுள்ள இலைதழை மற்ற இடங்களைவிட வேகமாக உக்கிப் போகிறது, அதனால் நிறுத்தவும் முடியாது. அவர்களுடைய மேட்டுக்காணியில் வேலி முழுக்கக் கிளிசரியா, நடுநடுவே முருங்கை. மழைக்கு முன்னும் பின்னும் வெட்டிக் கத்தரிப் பாத்திக்குள்ளும் வாழையடியிலும் குழை தாழ்க்கிறார்கள். கிளிசரியா அவரை இனம், காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடிக்கும், இலை வாரக்கணக்கில் உக்கிவிடும். யாழ்ப்பாணத்தில் பூவரசங் குழையும் பாவட்டங் குழையும் வண்டிவண்டியாக வாங்கித் தாழ்த்த காலத்துப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தவர் பெரியவர். அவர் 1960களில் வந்தவர், அப்போது வாலிபன்.

தலைமுறைக் கதை இங்கேதான் தொடங்குகிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு, பிறகு விசுவமடு என்று குளத்தடிக் குடியேற்றத் திட்டங்களில் குடாநாட்டில் காணி போதாத குடும்பங்களின் பிள்ளைகள் வந்து காடு வெட்டினார்கள். மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்த குடும்பங்களும் இந்த மண்ணைக் கொத்தின, அவர்களில் பலருக்குப் பத்திரம் கிடைக்கவேயில்லை என்பது தனிக் கதை. 1970 முதல் 77 வரை மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் தடுத்து வைத்திருந்தபோது வன்னித் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. அந்தக் காலத்தில் பெரியவரும் யூரியாவும் மருந்தும் தாராளமாக அடித்தவர்தான். "செத்தல் மிளகாய் வித்து டிரக்டர் வாங்கினவங்கள் இருந்தவை" என்றார். 77க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது.

பிறகு வந்தது 1990களின் பொருளாதாரத் தடை. வெடிமருந்துக்குப் பயன்படும் என்று வன்னிக்குள் யூரியா விடவில்லை. மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து என்று பட்டியல் நீளம், இந்தத் தலைமுறைக்கு அது கதையாகத்தான் தெரியும். 2002 சமாதான காலம் வரை இந்த மண் பெரும்பாலும் மாட்டெருவிலும் குழையிலும்தான் விளைந்தது. இதைக் கேட்டதும் அக்கா, "பாத்தீங்களா, அப்பவே இயற்கை விவசாயம்" என்று பரவசப்பட்டார். பெரியவர் கையை அசைத்தார். "நாங்கள் என்ன ஞானிகளே பிள்ளை? யூரியா இல்லை, போடேல்லை. இருந்திருந்தால் போட்டிருப்பம்."

பாதை திறந்தவுடன் போட்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோதும் போட்டார்கள், அப்போது 50 கிலோ மூடை மானிய விலையில் 350 ரூபாய். மாடு கிடையாது, குழை வெட்ட வேலி கிடையாது, பற்றை மண்டிய காணியும் 350 ரூபாய் மூடையும்தான் கையில். வேறு எதைப் போடுவது?

வன்னியின் இயற்கை விவசாயத்தைப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற துண்டு இதுதான். 2008 கடைசியில் இந்தப் பகுதி சனம் கிழக்கே நகர்ந்தபோது பட்டியைத் திறந்துவிட்டுத்தான் போனார்கள். கையோடு கொண்டுபோன மாடுகளும் வழியில் போய்விட்டன. விதைநெல் போனது, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய சோளப்பொத்தி போனது. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்குக் கிணறும் புளியமரமும் பாலைமரமும்தான் எஞ்சியிருந்தன. எருவில் விளைவிக்க மாடு வேண்டும், மாடு பெருகப் பத்து வருடம் வேண்டும். இந்த 14 மாடும் இரண்டு நாகு கன்றும் ஒரு கிழட்டுப் பசுவும் வாங்கித் தொடங்கிய கணக்கு. நடுவில் இரண்டு தடவை களவும் போயிருக்கிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நாட்டையே ஒரு போகத்துக்குள் சேதனத்துக்கு, அதாவது இயற்கைப் பசளைக்கு, மாற்றப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது, அதற்குள் காலபோக நெல்லுக்குப் போட வேண்டிய காலம் பிந்திவிட்டது, அறுவடை விழுந்தது. அந்த வருடம் மாடு உள்ளவன் தப்பினான். இந்தக் குடும்பத்தின் மேட்டுக்காணி அப்போதுதான் முழுக்க மாறியது, ஏனென்றால் அந்த நேரம் பட்டியில் எட்டோ ஒன்பதோ மாடு நின்றது, கிளிசரியா வேலியும் ஆளுயரத்துக்கு வந்திருந்தது. பக்கத்துக் காணிக்காரரிடம் ஒன்றும் இல்லை. அவருக்கு இப்போதும் "சேதனப் பசளை" என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது, அதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடை போன பிறகும் ஏன் இவர்கள் மேட்டுக்காணியில் திரும்ப யூரியா போடவில்லை? நான் கேட்டேன். மருமகள்தான் பதில் சொன்னார். பிள்ளைகள் தின்பது அந்தத் தோட்டத்தில்தான், வவுனியா, பதவியாப் பக்கத்துச் சிறுநீரக நோயைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பயம் என்றார். அந்த நோய்க்கு விவசாய மருந்து, கிணற்றுத் தண்ணீரின் புளோரைட்டு, கடினத்தன்மை என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றுதான் காரணம் என்று முடிவாகவில்லை. ஆனால் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து, முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிரே அடிக்கிற புருசனைப் பார்த்தவளுக்கு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லைத்தானே. அதோடு காசுக் கணக்கும் இருக்கிறது. கடைக் கடன் இல்லாமல் போகம் தொடங்குவது எவ்வளவு நிம்மதி என்பதைத் தோட்டக்காரன் வீட்டுப் பெண்ணிடம் கேட்டால் சொல்லுவார்.

பூச்சிக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. வேப்பங்கொட்டைச் சாறு, சாம்பல், மாட்டுச் சிறுநீர், சில சமயம் தமிழ்நாட்டிலிருந்து பரவிய பஞ்சகவ்வியம், சீவாமிர்தம் என்ற சாணக் கரைசல்கள். அங்கே இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் 2013இல் காலமானார், அவருடைய பேச்சுகள் வன்னிப் பெடியளின் கைத்தொலைபேசிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அரை ஏக்கர் நெல்லில் அவர்கள் செய்கிற முக்கியமான வேலை ஒன்றும் செய்யாமல் விடுவது. அறக்கொட்டியான் என்ற கபில நிறத் தத்தியைத் தின்பது சிலந்தியும் வேறு சில சின்னப் பூச்சிகளும். மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான், தத்தி திரும்பப் பெருகி முன்னையைவிட மோசமாக வரும். இது உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட விசயம். பச்சைப்பெருமாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது உயரமாக வளர்கிற நெல், யூரியா போட்டால் இன்னும் உயர்ந்து கதிர் பாரத்தில் படுத்துவிடும். புதிய இனங்களைக் குட்டையாக உருவாக்கியதே யூரியாவைத் தாங்கி நிமிர்ந்து நிற்பதற்காக. ஆகவே பழைய நெல்லுக்கு யூரியா இல்லாமை பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, புதிய நெல்லை யூரியா இல்லாமல் விதைப்பதுதான் அதற்குச் செய்கிற அநியாயம்.

எந்தச் சாறுக்கும் அடங்காத பீடை வேறு: யானை, பன்றி, குரங்கு, மயில். மயில் முருகனின் வாகனமாக இருக்கலாம், கச்சான்கடலைப் பாத்திக்குள் அது வேறு ஆள். பின்பக்கக் காவல் கொட்டிலில் யானை வெடி அடுக்கி வைத்திருந்தார்கள். காலபோகத்தில் கதிர் முற்றுகிற நேரம் ஆண்கள் யாரும் வீட்டில் படுப்பதில்லை. இயற்கை விவசாயம் என்றால் பூச்சியோடு சமாதானம் என்று எழுதுகிறவர்கள் ஓர் இரவு அந்தக் கொட்டிலில் படுத்துப் பார்க்கலாம்.

வைக்கோலைப் பற்றி ஒரு பக்கக் கதை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலபுராணத்தில், குரக்கன் வெட்டிய ஒட்டை, அதாவது அடித்தாளை, சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது, அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஒட்டுச் சுடுகிற வழக்கம் அவ்வளவு பழையது. ஆனால் வைக்கோலில் நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பகுதி இருக்கிறது, கொளுத்தினால் நைதரசன் புகையாகப் போய்விடும், சாம்பலை முதல் மழை கழுவும். முன்பு களத்தில் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் எல்லாம் ஒரே இடத்தில் குவியும், மாட்டுக்குப் போகும். இப்போது வெட்டும் மெசின் வயல் முழுக்கச் சிந்திக்கொண்டு போகிறது, பலர் அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்று நெருப்பு வைக்கிறார்கள். இவர்கள் வைப்பதில்லை. மெசின் சிந்தியதில் பாதியை மாடு தின்னும், பாதி அங்கேயே கிடக்கும், பிறகு ஈரம் இருந்தால் பசுந்தாளுக்காகச் சணல் விதைத்துப் பூக்கிற நேரம் மடக்கி உழுவார்கள். ஊர்ப் பெயரோடு இவர்களுக்குச் சண்டை என்று நான் பகிடி விட்டேன், பெரியவர் அவ்வளவாக ரசிக்கவில்லை. அவர் அந்தக் கோயில் அடியார்.

இனி, பார்க்க வருகிறவர்கள் யாரும் கேட்காத, ஆனால் மூன்று தலைமுறை ஏன் இங்கே ஒன்றாக இருக்கிறது என்பதற்கு விடை சொல்கிற விசயம்: பெமிற். இது உறுதிக்காணி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. விற்க முடியாது, நினைத்தபடி துண்டு போட முடியாது, பின்னுரித்தாளர் என்று ஆளை எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் செத்தால் சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று பல பத்து வருடம் இருந்தது. தகப்பன் காணியில் பாடுபட்ட மகள்மார், போரில் ஆண்களை இழந்த வீடுகள் என்று எத்தனையோ பேரை அது அலையவிட்டது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆண், பெண் பாகுபாட்டை நீக்கினார்கள்.

இந்தச் சட்டம் குடும்பங்களைச் சண்டை போட வைத்திருக்கிறது, அதே சட்டம்தான் ஐந்து ஏக்கரை ஐந்து துண்டாக உடையாமலும் காத்திருக்கிறது. குடாநாட்டில் நாலு பரப்பாக, அதாவது கால் ஏக்கராக, சுருங்கிய காணியில் மாடு கட்டவே இடமில்லை, பட்டி எப்படிக் கட்டுவது? மாடு, வேலி, கிணறு, வயல் எல்லாம் ஒரே வளவின் கணக்கில் இருந்தால்தான் இந்தச் சக்கரம் சுற்றும். பெரியவர் இப்போது பேத்தியின் பெயரை எழுதலாமா என்று யோசிக்கிறார். மகனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்று எனக்குத் தோன்றியது, பேச்சை அவர் மாற்றிவிட்டார், நானும் தோண்டவில்லை.

மாட்டுக்கும் ஒரு காணிப் பிரச்சினை உண்டு. காலபோகத்தில் வயலெல்லாம் பயிர் நிற்கும்போது பட்டியைக் காட்டோரத்துக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம், மாசி பங்குனியில் அறுவடை முடிந்தவுடன் திரும்ப வயலுக்குள் விடுவார்கள், தாளை மேய்ந்து சாணம் போட்டு அவை வயலுக்குப் பசளை வைக்கும். போருக்குப் பிறகு காட்டோரங்களில் எல்லைக்கல் நடப்பட்டு, மேய்ச்சல்தரை என்று ஒதுக்கிய நிலம் அநேக இடங்களில் இல்லாமல் போனதால், அந்த நாலு மாதம் மாட்டை எங்கே விடுவது என்பதுதான் பட்டிக்காரனின் தலையிடி. எரு வேண்டும் என்கிறவர்கள் இந்த நாலு மாதத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

சந்தையில் இயற்கைக் கத்தரிக்கும் மருந்தடித்த கத்தரிக்கும் ஒரே விலை, புழு குத்தியது இருந்தால் குறைவு. பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு வெட்டுகிற வழக்கம் வேறு, வடக்குச் சந்தைகளில் விவசாயிகள் வருடக்கணக்காக முறையிட்டு வந்த விசயம் அது. ஆகவே இவர்கள் பேத்தியின் வாட்ஸ்அப் வழியாக வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் முப்பது வீட்டுக்குப் பஸ்ஸில் பை அனுப்புகிறார்கள். முறையான சேதனச் சான்றிதழ் எடுக்க இரண்டு மூன்று வருட மாறுகாலமும், பரிசோதனைச் செலவும், ஏட்டு வேலையும் உண்டு, ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் அது கட்டும். விவசாயத் திணைக்களத்தின் ஜிஏபி (நல்ல விவசாய நடைமுறை) சான்றிதழ் வேறு வகை, அதில் அளவோடு மருந்து அடிக்கலாம், அடித்த பிறகு குறித்த நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவன் நான். பட்டணத்தில் "இயற்கை மரக்கறி" என்று பலகை போட்ட ஒரு கடையில் ஆறு மாதம் கூடின விலைக்கு வாங்கினேன், ஒரு நாள் விடியப் போனபோது தம்புள்ள மொத்தச் சந்தை லொறியிலிருந்து பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். மருந்துப் போத்தல் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள், வயலுக்கு வாங்கியது ஒரு மூலையில் இருக்கும், ஒளிக்காமல் காட்டுகிற வீடா என்று தெரியும். பாத்தியில் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள், ஆவணியிலும் மூடாக்குக்குக் கீழே ஈரம் நிற்கிறதா என்று. சமையலறையில் விதை தொங்குகிறதா என்று பாருங்கள். இந்த வீட்டில் வெண்டி, பூசணி, பயற்றை விதைகளை அப்பம்மா சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறார், தக்காளி மட்டும் கடை விதை. கலப்பின விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது என்பதை அவர் ஒரு போகம் நட்டுப் பார்த்து அறிந்தவர், இப்போது எங்கிருந்தோ கொண்டுவந்த நாட்டுத் தக்காளியை இரண்டு வரிசை வைத்திருக்கிறார்.

வெளிக்கிடும்போது அக்கா ஒரு பூசணிக்காய்க்கு விலை பேசினார். கொழும்பில் இதைவிட மலிவு என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் பூசணிக்காயைச் சும்மாவே வானுக்குள் வைத்தார், அக்கா அதற்குப் பிறகு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்ட, அதை வாங்க மாட்டேன் என்று அவர் மறுக்க, கொஞ்ச நேரம் இழுபறி. பெரியவர் அதைப் பார்க்காத மாதிரி என்னிடம் வந்து, "தம்பி, அடுத்த முறை பங்குனியிலை வாரும். பட்டி வயலுக்குள்ளை நிக்கும். நாளுக்கொரு இடமா நாங்கள் பட்டியை மாத்துறதைப் பாக்கலாம்" என்றார். "பூசணிக்காய் அப்ப இராது" என்று சேர்த்துக்கொண்டார்.